எந்நாடு செல்வோம்? லைடன் நகரத்து ஆலோசனை



யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர் என்பது உங்களுட் பலர் அறிந்ததே. காரைதீவு அவர்களுக்கு அம்ஸ்டர்டாம். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்ப்ட். வேலணைத்தீவு லைடன். இத் தீவுகளின் மக்கள் பிற்காலத்தில் உலகின் எத்தனையோ நாடுகளிற் சென்று குடியேறினர். இன்றும் அங்கு மட்டுமன்றி நம் நாட்டின் பல வீடுகளிலும் இராப்போசனத்தின் பின் எழும் கேள்வி ஒன்று உண்டு. போவதாயின் எந்த நாட்டுக்குப் போவது? பிள்ளைகளின் விடுகைப் பத்திரம் பெற என் முன் வந்து அமரும் பெற்றோரும் இதே கேள்வியை ஏதோ ஒரு வடிவில் என்னிடம் கேட்டதுண்டு. கனடாவா, அவுஸ்திரேலியாவா என்று அவர்கள் கேட்பர். நான் சரித்திரம் படித்தவன். நாடுகளைப் பரிந்துரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் இதே கேள்வியை முன்வைத்து ஆண்டுக்கணக்கில் ஆலோசித்த ஒரு கூட்டத்தாரின் வரலாறு எனக்குத் தெரியும். அவர்கள் ஆலோசித்த இடம் வேலணையன்று. வேலணைக்குப் பெயர் கொடுத்த அந்த மூல லைடன் நகரம். காலம் 1617ஆம் ஆண்டு முதல் 1620ஆம் ஆண்டு வரை.

இக்கூட்டத்தார் ஆங்கிலேயர். பிற்காலத்தார் இவர்களை யாத்திரிகப் பிதாக்கள் என்று அழைத்து, மேபிளவர் என்னும் கப்பலோடு சேர்த்துப் பாடப்புத்தகங்களில் இடம் கொடுத்தனர். கப்பலேறிய பின் நடந்தவற்றைச் சொல்லுவோர் பலர். கப்பலேறு முன் நடந்த ஆலோசனையைச் சொல்லுவோர் சிலரே. எனக்கோ அந்த ஆலோசனைதான் சுவையுடையதாகத் தோன்றுகிறது.

முதலில் அவர்கள் ஏன் இங்கிலாந்தை விட்டனர் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நொட்டிங்காம் மாகாணத்திலே ஸ்குரூபி என்றொரு சிற்றூர். அவ்வூரில் அரச அஞ்சற் பொறுப்பாளராயிருந்த வில்லியம் புரூஸ்டர் என்பவரின் இல்லத்திற் சிலர் ஞாயிறுதோறும் கூடித் தம் முறைப்படி வழிபட்டனர். அரசன் தலைமை தாங்கும் திருச்சபையைச் சீர்திருத்த முடியாது, அதனின்று பிரிந்துவிடுவதே வழி என்பது அவர்கள் கொள்கை. 1593ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். சிறை உண்டு, நாடுகடத்தலும் உண்டு. நாடுகடத்தலைத் தண்டனையாக விதித்த அதே அரசு, அனுமதியின்றி நாட்டை விட்டுத் தாமாகவே வெளியேறுவோரையும் பிடித்துச் சிறையிலிட்டது. அரசுகளின் நியாயம் சில வேளைகளில் இப்படித்தான் இருக்கும்.

1607இல் பொஸ்டன் என்னும் ஆங்கிலத் துறைமுகத்திலே கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி இரவில் ஏறினர். கப்பற்காரன் பணத்தையும் வாங்கிக்கொண்டு அவர்களை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தான். பெண்களென்றும் பாராது உடைகளைச் சோதித்துக் காசைப் பறித்து, ஊரார் வேடிக்கை பார்க்கத் தெருவழியே கொண்டுசென்று ஒரு மாதகாலம் காவலில் வைத்தனர். அடுத்த ஆண்டு ஒல்லாந்தக் கப்பலொன்றை அமர்த்தி, ஊர்களுக்கு எட்டத்திலுள்ள ஒரு கரையிலே காத்திருந்தனர். பெண்களும் பிள்ளைகளும் இருந்த சிறுகலம் வற்றிய சேற்றிலே தரைதட்டி நின்றுவிட்டது. ஆண்களுட் சிலர் கப்பலில் ஏறிய வேளை ஆயுதந் தாங்கிய கூட்டமொன்று தூரத்தே தெரிய, கப்பற்காரன் நங்கூரத்தைத் தூக்கிப் பாய் விரித்துவிட்டான். கணவர் கப்பலில், மனைவியர் சேற்றில். கப்பல் புயலில் அகப்பட்டு நோர்வேக் கரைவரை அடித்துச் செல்லப்பட்டுப் பதினான்கு நாட்களின் பின்னரே அம்ஸ்டர்டாம் சேர்ந்தது. பெண்களைப் பிடித்தவர்களுக்கோ அவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீடு வாசலை விற்றுவிட்டு வந்தவர்களை எந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது? நீதவானுக்கு நீதவானாகக் கைமாற்றி, ஈற்றிலே சலித்துப்போய் விட்டுவிட்டனர். இவ்வாறு சிறிது சிறிதாக எல்லாரும் ஒல்லாந்து சேர்ந்தனர்.

ஒல்லாந்தை அவர்கள் தெரிந்தெடுத்ததிற் பெரிய ஆலோசனை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கடலுக்கு அப்பால் மிக அண்மையில் இருந்த நாடு அது. மத விடயத்தில் மனிதரை வருத்தாத நாடு என்றும் கேள்வி. உயிர் தப்பி ஓடுபவன் வரைபடத்தை விரித்துவைத்து ஆராய்வதில்லை. ஆராயும் அவகாசம் இரண்டாம் பயணத்தின்போதே வாய்க்கிறது.

அம்ஸ்டர்டாமிலே ஓராண்டு இருந்தனர். அங்கே முன்னரே குடியேறியிருந்த ஆங்கிலச் சபையினர் தமக்குள் ஓயாது சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். வெளிநாட்டில் வாழும் சிறு சமூகங்களுக்கு இது ஒரு நோய்போலும். அச் சண்டை தம்மையும் பற்றிக்கொள்ளுமென அஞ்சிய போதகர் ஜோன் றொபின்சன், 1609ஆம் ஆண்டு தொடக்கத்தில் லைடன் நகர சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய நூறு பேர் அங்கு வந்து வாழ அனுமதி வேண்டுமென்று. நகர சபையின் மறுமொழி, ஒழுங்காக நடந்து சட்டத்துக்கு அடங்கும் நேர்மையான எவருக்கும் இந்நகரம் கதவடைப்பதில்லை என்ற கருத்துடையது. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு நகர சபை எழுதிய மறுமொழி இது. இன்று விசா அலுவலகங்களின் முன் வரிசையில் நிற்பவர்கள் இதைக் கேட்டாற் பெருமூச்சு விடுவார்கள்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. இந்த ஒல்லாந்தரே 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். தம் நாட்டிலே பிறர் வழிபாட்டுக்கு அவர்கள் கொடுத்த இடத்தை இங்கே நம் முன்னோருக்குக் கொடுக்கவில்லை. அரச உத்தியோகம் வேண்டின் அவர்களது சபையிற் சேரவேண்டியிருந்தது. நிற்க.

லைடன் அழகிய நகரம். 1574இல் ஸ்பானியரின் முற்றுகையைத் தாங்கி நின்று, வெள்ளத்தைத் திறந்துவிட்டு மீட்கப்பட்ட நகரம். அந்த வீரத்துக்குப் பரிசாக 1575இல் அங்கே பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஓவியர் ரெம்பிராண்ட் 1606இற் பிறந்தது அந் நகரிலேதான். நம் ஆங்கிலேயர் தெருவில் நடந்தபோது அந்தச் சிறுவனும் அங்கே விளையாடிக்கொண்டிருந்திருப்பான். கம்பளித் துணித் தொழிலே நகரின் பெருந்தொழில். ஸ்குரூபியில் உழுது வாழ்ந்தவர்கள் லைடனிலே தறியில் அமர்ந்தனர். வில்லியம் பிராட்போர்ட் என்ற இளைஞர் பருத்தி கலந்த தடித்த துணி நெய்யக் கற்றார். இவரே பின்னர் இச்சரித்திரத்தை எழுதிவைத்தவர். அஞ்சற் பொறுப்பாளராயிருந்த புரூஸ்டர் பல்கலைக்கழக மாணவருக்கு ஆங்கிலங் கற்பித்தார். பின்னர் அச்சகமொன்றும் நடத்தினார். போதகர் றொபின்சன் 1611இற் புனித பீற்றர் ஆலயத்தருகே பெரியதொரு வீட்டை வாங்குவதற்கு முன்னின்றார். அதன் வளவிலே சிறு வீடுகள் எழுந்தன. சபையும் அங்கேயே கூடியது. நூறு பேர் முந்நூறு பேராயினர். கடன் கேட்டாற் கொடுக்குமளவுக்கு நகரத்தார் அவர்களை நம்பினர்.

இத்தகைய இடத்தை ஏன் விடவேண்டும்? இதுதான் நான் இன்று சொல்லவந்ததன் நடு.

பிராட்போர்ட் காரணங்களை எழுதிவைத்திருக்கிறார். அவற்றுட் சில நாம் எதிர்பார்ப்பவையே. உழைப்புக் கடுமையாயிருந்தது. முதியோர் தளர்ந்தனர். இங்கிலாந்திலிருந்து வந்து பார்த்தவர்கள், இந்தச் சுதந்திரத்திலும் எங்கள் நாட்டுச் சிறைச்சாலையே மேல் என்று திரும்பிவிட்டனர். ஸ்பானியரோடு செய்த பன்னிரண்டு ஆண்டு யுத்த நிறுத்தம் 1621இல் முடிவடையவிருந்தது. மீண்டும் போர் மூண்டால் என்னாகும் என்ற அச்சமும் இருந்தது. புதிய நிலத்திலே தம் சமயத்தைப் பரப்பும் ஆசையும் இருந்தது. ஆனால் எழுத்திலே அவர் மனம் கனிந்து நிற்பது பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இடத்திலேதான். பெற்றோரின் சுமையைத் தாமும் தாங்கிய பிள்ளைகள் இளமையிலேயே கூன் விழுந்தவர்போலாயினர். இன்னுஞ் சிலர், பெற்றோர் கடிவாளத்தை அறுத்துக்கொண்டு படைவீரராயினர், கடலோடிகளாயினர், அதனினுங் கெட்ட வழிகளிலும் சென்றனர். லைடனில் வந்து சேர்ந்து புரூஸ்டரின் அச்சகத்தில் வேலைசெய்த எட்வேர்ட் வின்ஸ்லோ என்பவர், பிற்காலத்தில் எழுதியபோது மேலும் ஒன்றைச் சேர்த்தார். இப்படியே இருந்தால் எம் மொழியும் ஆங்கிலேயரென்ற பெயரும் எம்மோடு அழிந்துவிடும். நாம் பெற்ற கல்வியை எம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடியவில்லை என்றார்.

சற்று நின்று கவனியுங்கள். இவர்களைத் துன்புறுத்திய நாடு இங்கிலாந்து, அதைவிட்டு ஓடினர். இவர்களுக்கு இடங்கொடுத்த நாடு ஒல்லாந்து; அதனை விட்டும் போக எண்ணினர். பகைமை விரட்டியது ஒரு முறை. தயவு விரட்டியது மறு முறை. அண்டை வீட்டார் வெறுத்திருந்தால் அப் பிள்ளைகள் ஒல்லாந்தராக மாறியிருக்க மாட்டார்கள். தன் மகன் தன்னோடு பேசும்போது பிறமொழியில் மறுமொழி சொல்லுவதைக் கேட்ட தந்தையின் மனத்தை இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

எங்கே போவது என்ற கேள்வி 1617 அளவிற் சபையின் முன் வந்தது. அவர்கள் ஆலோசித்த முறை ஒரு பாடசாலை விவாத அரங்கை எனக்கு நினைவூட்டுகிறது. ஒருவர் எழுந்து நன்மை சொல்ல, மற்றவர் தீமை சொல்லுவார். முதலிற் போவதா, இருப்பதா என்ற வாதம். கடலில் மடிவோம், பட்டினி கிடப்போம், அங்குள்ள மக்கள் எம்மைக் கொன்றுவிடுவர், பணமோ இல்லை. பக்கத்து நாடான இந்த ஒல்லாந்திற் குடியேறுவதற்கே இத்தனை பாடுபட்டோமே என்றனர் ஒரு சாரார். இடர்கள் உண்டு, ஆயினும் எல்லாமே நிகழுமென்பது நிச்சயமன்று. இங்கிருந்தாலும் போரும் கொள்ளைநோயும் வரலாம் என்றனர் மறுசாரார். போவதென்றே பெரும்பான்மை முடிவாயிற்று.

அடுத்து, எந்த நாடு? இரண்டு பெயர்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானா. மற்றது வட அமெரிக்காவில் வேர்ஜினியா.

கயானாவுக்காகப் பேசியவர்கள் சாதாரணமானவர்களல்லர். சபையில் முக்கியமானோர் சிலரும் அப் பக்கமே நின்றனர். சேர் வோல்ட்டர் றாலி என்னும் ஆங்கிலக் கடலோடி 1596இல் வெளியிட்ட நூல் அந்நாட்டைப் பொன் விளையும் பூமியாக வருணித்திருந்தது. ஆண்டு முழுதும் வசந்தகாலம். மண் தானாகவே விளைவிக்கும். குளிருக்கு உடை வேண்டாம். சிறிது உழைத்தாற் போதும். குளிரிலே தறிக்கட்டையில் விறைத்த கைகளுக்கு அந்தச் சித்திரம் எவ்வளவு இனித்திருக்கும்! எதிர்த்தோர் இரண்டு நியாயங்கள் கூறினர். வெப்ப நாடுகளின் நோய்கள் ஆங்கில உடலுக்கு ஒவ்வா. மேலும், அந்நாடு உண்மையிலே நல்லதாயின் ஸ்பானியன் அதை நமக்கு விட்டுவைக்க மாட்டான். புளோரிடாவிற் பிரெஞ்சுக்காரருக்கு 1565இற் செய்ததை நமக்கும் செய்வான். அங்கே குடியேறிய பிரெஞ்சுச் சீர்திருத்த சபையினரை ஸ்பானியர் வெட்டிக் குவித்தது அப்போது பலர் நினைவிலிருந்தது.

இந்த வாதத்துக்குக் காலமே சாட்சி சொன்னது. அதே 1617இல் றாலி தாமே தங்கச் சுரங்கம் தேடி இரண்டாம் முறை கயானாவுக்குக் கப்பலேறினார். தங்கம் கிடைக்கவில்லை. அவருடைய ஆட்கள் ஸ்பானியரோடு மோதினர். மகன் அங்கே கொல்லப்பட்டான். வெறுங்கையோடு திரும்பிய றாலியை, ஸ்பானியத் தூதரை மகிழ்விக்க வேண்டி, ஜேம்ஸ் மன்னன் 1618 ஒக்டோபர் 29ஆம் நாள் சிரச்சேதம் செய்வித்தான். நாட்டைப் புகழ்ந்தெழுதியவரின் கதை இப்படி முடிந்தபின் கயானாவுக்குப் போவோம் என்று எவர் சொல்லுவார்? எனினும் லைடனார் அதற்கு முன்னரே அதைத் தள்ளிவிட்டனர் என்பதைச் சொல்லவேண்டும்.

வேர்ஜினியாவுக்கு எதிரான நியாயம் வேறு. அங்கே 1607 முதல் ஆங்கிலேயர் இருக்கின்றனர். ஆங்கில அரசும் ஆங்கிலத் திருச்சபையும் இருக்கின்றன. அவர்களருகே வாழ்ந்தால் இங்கிலாந்தில் அனுபவித்த துன்பமே வரும். எட்ட வாழ்ந்தால் ஆபத்தில் உதவியும் இல்லை, காவலும் இல்லை. கயானாவில் அந்நியரைப் பற்றிய அச்சம். வேர்ஜினியாவிற் சொந்த நாட்டாரைப் பற்றிய அச்சம். ஈற்றில் அவர்கள் கண்ட நடுவழி இது. வேர்ஜினியக் கம்பனியின் எல்லைக்குள், ஆனால் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்கு வெகு தொலைவில், தனிக் குடியாக வாழ்வது. மத சுதந்திரத்துக்கு மன்னனிடம் எழுத்தில் உறுதி பெறுவது.

றொபேட் குஷ்மன், ஜோன் காவர் என்னும் இருவர் இலண்டனுக்கு அனுப்பப்பட்டனர். கம்பனியார் மகிழ்ந்தனர், குடியேற ஆள் கிடைப்பதே அவர்களுக்கு அரிதாயிருந்தது. மன்னனிடம் விடயம் சென்றது. அங்கே இவர்கள் எதனாற் பிழைப்பர் என்று அவன் கேட்டானாம். மீன்பிடித்து என்று விடை வந்தது. நல்ல தொழில்தான், அப்போஸ்தலர் செய்த தொழில் அதுவே என்று மன்னன் மகிழ்ந்து சொன்னதாக வின்ஸ்லோ எழுதுகிறார். ஆயினும் எழுத்தில் எதுவும் தரவில்லை. ஒழுங்காக இருந்தாற் கண்டுகொள்ளாமல் விடுவேன் என்ற அளவே அவன் வாக்கு. இதனை நம்பிப் போகலாமா என்று லைடனிற் பலர் கலங்கினர். தலைவர்களுட் சிலர் சொன்ன சமாதானம் என் நெஞ்சில் நிற்கிறது. பின்னர் எமக்குத் தீங்கு செய்யக் கருதுவார்களாயின், வீட்டுத் தரையளவு அகலமான அரச முத்திரை இருந்தாலும் அதைத் திருப்பிவிட வழி காண்பர் என்றனர். ஒப்பந்தங்கள் எழுதப்பட்டும் கிழிக்கப்பட்டும் வந்த நாட்டிலிருந்து பேசும் எனக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

அந்நாட்களில் மற்றொரு செய்தியும் வந்தது. அம்ஸ்டர்டாம் சபையைச் சேர்ந்த பிளாக்வெல் என்பவர் தம்மோடு பலரைச் சேர்த்துக்கொண்டு வேர்ஜினியாவுக்குப் புறப்பட்டிருந்தார். ஒரே கப்பலில் 180 பேரை அடைத்திருந்தனர். அவர்களுள் 130 பேர் வழியிலேயே இறந்தனர் என்று 1619இற் குஷ்மன் இலண்டனிலிருந்து எழுதினார். பிளாக்வெல்லும் இறந்துவிட்டார். அந்தக் கடிதம் லைடனில் வாசிக்கப்பட்ட மாலையை நான் சில வேளைகளில் நினைத்துப் பார்ப்பதுண்டு. பலர் பின்வாங்கினர். எல்லாரும் பின்வாங்கவில்லை.

1620இன் தொடக்கத்தில் மூன்றாவது நாடொன்றும் முன்வந்தது. நியூ நெதர்லாந்துக் கம்பனியின் ஒல்லாந்த வணிகர், ஹட்சன் ஆற்றங்கரையில் இவர்களைக் குடியேற்ற விரும்பினர். போதகரோடு நானூறு குடும்பங்கள் வரக்கூடுமெனக் காட்டி, இரண்டு போர்க்கப்பல்களைக் காவலுக்குத் தரும்படி தம் அரசிடம் விண்ணப்பித்தனர். போக்குவரத்தும் இலவசம், கால்நடையும் தருவோம் என்றனர். பயன்களை எடைபோட்டால் மூன்று வாய்ப்புகளிலும் இதுவே சிறந்தது என்பது என் கணிப்பு. அரசு விண்ணப்பத்தை நிராகரித்தது. அதற்கு முன்னரே தோமஸ் வெஸ்டன் என்னும் இலண்டன் வணிகர் லைடனுக்கு வந்து, ஒல்லாந்தரோடும் வேர்ஜினியக் கம்பனியோடும் மெனக்கெடவேண்டாம், பணத்துக்கு நானும் என் நண்பரும் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்.

இவ்வாறு மூன்றாண்டுக் கால ஆலோசனையைப் பணமே முடித்துவைத்தது. ஏறக்குறைய எழுபது வணிகர் முதலிட்டனர். ஒரு பங்கு பத்துப் பவுண். குடியேறுவோர் ஏழாண்டு உழைத்து, ஈட்டியதெல்லாம் பொதுவில் வைத்துப் பின்னர் பிரிப்பது என்பது ஏற்பாடு. வீடும் தோட்டமும் தமக்கே உரியன, வாரத்தில் இரண்டு நாள் தமக்காக உழைக்கலாம் என்று லைடனார் எண்ணியிருந்தனர். வணிகர் அவ்விரு விதிகளையும் நீக்கும்படி வற்புறுத்த, பயணம் தடைப்படுமே என்றஞ்சிய குஷ்மன் இணங்கிவிட்டார். இது அடிமை வாழ்வன்றோ என்று லைடனிலிருந்து கண்டித்து எழுதினர். ஆயினும் அதற்குள் வீடுகளை விற்றாகிவிட்டது. நாடுவிட்டுப் போக முடிவுசெய்தவன் வீட்டை விற்ற நாளிலிருந்து பேரம்பேசும் வலிமையை இழந்துவிடுகிறான்.

சபை இரண்டாகப் பிரிந்தது. பெரும்பான்மையினர் இப்போதைக்கு இருக்க வேண்டியவராயினர். போதகர் றொபின்சன் அவர்களோடு தங்கினார். மூப்பர் புரூஸ்டர் புறப்படுவோரோடு சென்றார். குடும்பங்களும் பிரிந்தன. பிராட்போர்ட்டும் மனைவி டொரதியும் மூன்று வயதளவான தம் ஒரே மகன் ஜோனை ஒல்லாந்தில் விட்டுச் சென்றனர். புரூஸ்டர் தம் இரு பெண்மக்களை விட்டுச்சென்றார். பிள்ளைகளுக்காகவே போவதென்று தொடங்கிய ஆலோசனை, பிள்ளைகளைக் கரையில் விட்டுப்போவதில் வந்து நின்றது.

1620 யூலையில் டெல்ப்ட் நகரின் துறைமுகமான டெல்ப்ஸ்ஹாவனில் ஸ்பீட்வெல் என்னும் சிறு கப்பலில் ஏறினர். சௌதாம்டன் துறையில் மேபிளவர் காத்திருந்தது. அங்கே வெஸ்டனோடு உடன்படிக்கை பற்றி மீண்டும் தகராறு. அவர் கோபித்துப் போய்விட, துறைமுகக் கடனைத் தீர்க்க உணவுக்கென வைத்திருந்த வெண்ணெயில் ஏறத்தாழ 60 பவுண் பெறுமதியானதை விற்றுத்தான் புறப்பட முடிந்தது. ஸ்பீட்வெல் இருமுறை ஒழுகியது. ஈற்றில் அதனைக் கைவிட்டு, அக்கால ஆங்கில நாட்காட்டிப்படி செப்டெம்பர் 6ஆம் நாள் மேபிளவர் மட்டும் 102 பயணிகளோடு பிளிமத் துறையை நீங்கியது. அவர்களுள் லைடனிலிருந்து வந்தோர் பாதியளவே. ஏனையோர் வணிகர் சேர்த்தனுப்பிய அந்நியர்.

அவர்கள் போகவேண்டிய இடம் வேர்ஜினியக் கம்பனி எல்லையின் வடபகுதி, ஹட்சன் ஆற்று முகத்தருகே. நவம்பர் 9ஆம் நாள் கரை தெரிந்தது. அது கோட் முனை. ஹட்சனோ இன்னும் தெற்கே. தெற்கே திரும்பினர், அரைநாளுக்குள் அலை கொந்தளிக்கும் மணற்றிட்டுகளிடையே அகப்பட்டனர். மாலைக்குள் கப்பலை வடக்கே திருப்பிவிட்டனர். கயானாவையும் வேர்ஜினியாவையும் ஹட்சனையும் மூன்றாண்டு எடைபோட்ட மக்கள், ஆலோசனையில் ஒருவராலும் கூறப்படாத ஓரிடத்தில் இறங்கினர். காரணம் மணற்றிட்டும் காற்றும்.

அந்த இடத்துக்கு அவர்களிடம் உரிமைப் பத்திரம் இல்லை. அப்படியாயின் எம்மை ஆள எவருக்கும் அதிகாரமில்லை என்று அந்நியருட் சிலர் முணுமுணுத்தனர். அதனை அடக்கவே, கரையிறங்கு முன் கப்பலில் 41 ஆண்கள் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். பிற்காலத்தார் அதைச் சனநாயகத்தின் தொட்டில் என்று போற்றினர். எழுதியவர்களுக்கு அது அன்றைய குழப்பத்தைத் தீர்க்க எழுதிய ஒரு தாள்.

குடியிருக்க இடந்தேடிச் சிறுபடகிற் சென்றோருடன் பிராட்போர்ட்டும் சென்றிருந்தார். அவர் இல்லாத வேளையில், டிசம்பர் 7ஆம் நாள், டொரதி கப்பலிலிருந்து கடலில் வீழ்ந்து மாண்டார். எவ்வாறு வீழ்ந்தார் என்பது பற்றிப் பலர் பலவாறு கற்பனை செய்ததுண்டு. எத்தனையோ சிறு செய்திகளை விரிவாக எழுதிய பிராட்போர்ட் தம் வரலாற்றிலே இதனை விவரிக்கவில்லை. அக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வந்தவர்களிற் பாதிப்பேர் இறந்தனர். வளர்ந்த பெண்களிற் பெரும்பாலோர் போய்விட்டனர். முதல் ஆளுநர் காவரும் ஏப்ரலில் இறக்க, பிராட்போர்ட் ஆளுநரானார்.

அவர்கள் குடியேறிய இடத்தில் மரங்கள் வெட்டப்பட்டு நிலம் பண்பட்டிருந்தது. தெய்வச் செயல் என்றனர். உண்மை இது: அது பட்டுக்செற் என்னும் ஊர். 1616க்கும் 1619க்கும் இடையில், ஐரோப்பியக் கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படும் கொள்ளைநோயால் ஊரார் அனைவரும் அழிந்தனர். தப்பியவர் டிஸ்குவாண்டம் என்பவர். 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பற்றலைவன் அவரையும் வேறு பலரையும் ஏமாற்றிப் பிடித்து ஸ்பானிய நாட்டின் மாலகாவில் அடிமைகளாக விற்றான். அங்கிருந்து எவ்வாறோ இலண்டன் சேர்ந்து, ஆங்கிலம் கற்று, 1619இல் ஊர் திரும்பியபோது அங்கே ஒருவரும் இல்லை. எந்த நாட்டுக்குப் போவது என்று அவரை எவரும் கேட்கவில்லை. அவரே 1621 வசந்தத்தில் இப் புதியவர்களுக்குச் சோளம் நடவும், குழிதோறும் மீனை எருவாக இடவும் கற்பித்தார். அவ்வுதவியின்றி எஞ்சிய பாதியினரும் பிழைத்திருப்பது அரிது. அப்பகுதி மக்களின் தலைவர் மசசோயிற் அவ்வாண்டு இவர்களோடு சமாதானம் செய்தார். அவர் மகன் மெற்றாகொம் காலத்திலே, 1675இல், நிலம் இழந்த அம்மக்கள் போர் தொடுத்துத் தோற்றனர். மெற்றாகொம் கொல்லப்பட்டார், அவருடைய இளம் மகன் அடிமையாக விற்கப்பட்டான். லைடனில் நடந்த ஆலோசனையில் அங்குள்ள மக்களால் எமக்கு நேரக்கூடிய தீங்கு நீளப் பேசப்பட்டது. எம்மால் அவர்களுக்கு நேரக்கூடியது பேசப்பட்டதாக எழுத்தில் இல்லை.

இனி லைடனில் நின்றவர்களின் கதையையும் சொல்லவேண்டும். 1621இல் யுத்த நிறுத்தம் முடிந்தது; ஸ்பானியரோடு போர் மீண்டும் மூண்டது. ஆனால் லைடன் முற்றுகையிடப்படவில்லை. அஞ்சியது வரவில்லை. நின்றோருட் பலர் ஒல்லாந்த மக்களோடு கலந்து மறைந்தனர். வின்ஸ்லோ சொன்னபடியே மொழியும் பெயரும் போயின. அஞ்சியவற்றுள் அது மட்டும் வந்தது. வேறு சிலர் பின்வந்த கப்பல்களில் அமெரிக்கா சென்றனர். புரூஸ்டரின் பெண்மக்கள் இருவரும் 1623இல் தந்தையிடம் சேர்ந்தனர். பிராட்போர்ட்டின் மகன் ஜோன் சில ஆண்டுகளின் பின் வந்தான். தந்தை அதற்குள் மறுமணம் செய்திருந்தார்.

போதகர் றொபின்சன் போகவே இல்லை. சபை முழுதையும் கூட்டிக்கொண்டு கடைசியாகப் போவேன் என்று இருந்தவருக்குப் பயணச் செலவைத் தர இலண்டன் வணிகர் விரும்பவில்லை. 1625 மார்ச் முதலாம் நாள் லைடனிலேயே காலமானார். தாம் குடியிருந்த வீட்டுக்கு எதிரேயுள்ள புனித பீற்றர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். செய்தி கடல் கடந்து பிளிமத் குடியேற்றத்தைச் சேர ஓராண்டுக்கு மேலாயிற்று.